செஞ்சிக் கோட்டை: ஒரே நாளில் இரண்டு மலை ஏறுவது எப்படி

திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் செஞ்சி. முதல் நாள் இரவே ஊரில் தங்கிவிடுவது நல்லது. கோட்டை திறந்ததும் முதலில் ராஜகிரி மலைக்குப் போங்கள். பலரும் கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம் எல்லாம் பார்த்துவிட்டுப் பத்தரை மணிக்கு மேல் ஏறத் தொடங்குவார்கள். அதற்குள் பாறை கொதிக்கும், பாதி வழியில் தண்ணீரும் தீர்ந்துபோகும். கீழே இருப்பதை இறங்கிவந்து பார்க்கலாம்.

ராஜகிரி சுமார் 800 அடி. நிதானமாக ஏற ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கற்படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. முழங்காலுக்கு வேலை அதிகம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். தின்பண்டத்தைக் கையிலோ கேரிபேக்கிலோ வைத்திருந்தால் குரங்கு பறித்துவிடும். ஜிப் வைத்த பைக்குள் போடுங்கள். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும்.

உச்சிக்குச் சற்று முன் மலை பிளந்து கிடக்கிறது. அதைக் கடக்க ஒரு சிறு பாலம்தான். அங்கே நின்று கீழே பாருங்கள்: பாலத்தை எடுத்துவிட்டால் எத்தனை பெரிய படை வந்தாலும் என்ன செய்ய முடியும்? மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், பீரங்கி.

சாலைக்கு வடக்கே இரண்டாவது மலை, கிருஷ்ணகிரி. உயரம் குறைவு, கூட்டமும் குறைவு. கால் வலித்தால் இதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் மேலே ஏற விடுவதை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் வாங்கும்போதே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.