சருகும் வேரும்: வளவிலேயே செய்து பார்க்கும் சோதனை

வெப்பமண்டல மரங்கள் உறிஞ்சும் பொசுபரசு, கல்சியம் போன்ற சத்துகளில் பெரும்பகுதி, விழுந்து உக்கும் சருகிலிருந்தே வேருக்குத் திரும்புகிறது. சருகின் அளவு மாறினால் மெல்லிய வேர்கள் எங்கே வளர்கின்றன என்பதை, திருகோணமலையில் மரங்கள் நிற்கும் எந்த வளவிலும் சோதித்துப் பார்க்கலாம். ஒதுக்குக் காட்டில் தோண்டுவதற்கு அனுமதி வேண்டும் என்பதால் அங்கே செல்ல வேண்டாம்.

படி 1. செப்டெம்பரில் தொடங்குங்கள். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் எமது உலர் வலயத்தில் வறண்ட மாதங்களில் சேரும் சருகு, ஒக்டோபரில் மழை தொடங்கிய பின்னரே விரைவாக உக்குகிறது. மெல்லிய வேர்களும் அந்த ஈரத்தில்தான் வளர்கின்றன. ஒரே மரத்தடியில், தண்டிலிருந்து சமதூரத்தில், ஒரு மீற்றர் அகலமான மூன்று சதுரங்களைக் கயிறு கட்டிக் குறியுங்கள்.

படி 2. ஒவ்வொரு சதுரத்திலும் அலவாங்கினால் ஒரு சாண் ஆழக் குழி தோண்டி, அந்த மண்ணை அரித்து வேர்களை முற்றாக அகற்றுங்கள். வெங்காயம் வரும் வலைப்பையை அம்மண்ணால் நிரப்பி, குழியிலேயே இறுக்கமாகப் புதைத்து, மேலே பழையபடி சருகை மூடுங்கள். பையினுள் பின்னர் காணப்படும் வேரெல்லாம் புதிதாக வளர்ந்தவையே.

படி 3. முதற் சதுரத்தின் சருகை வாரந்தோறும் அள்ளி இரண்டாவதில் பரப்புங்கள், மூன்றாவதைத் தொடாதீர்கள். வளவைக் கூட்டிச் சருகை எரிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. சத்து சேர்ப்பதாக எண்ணிச் சாம்பலைத் தூவ வேண்டாம். அது மண்ணின் காரத்தன்மையையும் சேர்த்து மாற்றிவிடுவதால், எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிய முடியாது.

படி 4. ஜனவரி இறுதியில், முதலில் சருகுப் படைக்குள் ஏறியிருக்கும் வேர்களைத் தனியே சேகரியுங்கள். தொடக்கநிலையாளர் பலர் தவறவிடுவது இதையே. பின்னர் பையைச் சுற்றிக் கத்தியால் வெட்டித் தூக்கி, கழுவி, 2 மில்லிமீற்றருக்கும் மெல்லிய வேர்களை மட்டும் உலர்த்தி நிறுங்கள்.

விளைவை வாசிப்பதே கடினமான பகுதி. வேர் அதிகம் என்றால் மண் வளமானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சத்து எளிதில் கிடைக்கும்போது மரம் வேருக்குச் செலவிடுவதைக் குறைத்துக்கொள்ளவும் கூடும். பனாமாவின் கிகான்ற்றே தீபகற்பத்தில் 1998 இல் தொடங்கிய உரச் சோதனையில், பொற்றாசியம் இட்ட இடங்களில் மெல்லிய வேரின் நிறை குறைந்தது. அதே தீபகற்பத்தில் 2003 இல் தொடங்கிய சருகுச் சோதனையிலோ, சருகு கூட்டிய நிலத்தில் வேர்கள் மண்ணிலிருந்து சருகுப் படைக்குள் இடம்மாறின. ஆகவே பையிலுள்ள நிறையையும் சருகிலுள்ள நிறையையும் அருகருகே எழுதி ஒப்பிடுங்கள். உங்கள் இரண்டாவது சதுரத்தில் பை வெறுமையாக இருந்தாலும் மேலே வேர் நிறைந்திருக்கலாம். கறையான் சருகைக் கொண்டுபோன சதுரங்களைக் குறிப்பேட்டில் தனியாகக் குறியுங்கள். ஒரு மரத்தோடு நிறுத்தாமல், அதே இனத்தில் குறைந்தது மூன்று மரங்களின் அடியில் இதைச் செய்யுங்கள்.