ஸ்னூக்கர் கியூ டிப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்னூக்கர் ஆடும் கோலான கியூவை, நல்ல ஆஷ் மரத்தில் வாங்க யோசிக்காமல் வெள்ளியைச் செலவழிக்கிறோம். ஆனால் வெள்ளைப் பந்தைத் தொடுவது அதன் நுனியில் ஒட்டியிருக்கும் 9.5 மில்லிமீட்டர் தோலான டிப் மட்டும்தான். அதைக் கவனிக்காமல் விடுபவர்களைவிட, தேவையில்லாமல் தேய்த்தே கெடுப்பவர்கள்தான் சிங்கப்பூர் ஸ்னூக்கர் கூடங்களில் அதிகம் என்பேன்.

ஆட வந்ததும் உப்புத்தாளை எடுத்து டிப்பை நாலு சுற்று தேய்ப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. முதலில் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தோல் பளபளவென்று மின்னினால்தான் அதற்கு வேலை. அந்த மினுமினுப்பில், வழுக்காமலிருக்க டிப்பில் தடவும் சாக் பிடிக்காது. பந்தின் ஓரத்தில் அடிக்கும்போது டிப் வழுக்கி, அடி பிசகும் (மிஸ்கியூ). அப்போதும் நைசான அரத்தால் மெல்லத் தட்டிச் சொரசொரப்பாக்கினால் போதும். தேய்க்கத் தேய்க்க உயரம்தான் போகும். டிப்புக்குக் கீழே கியூ நுனியில் உள்ள பித்தளை வளையத்துக்கு மேல் 2 மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் டிப்பை மாற்றிவிடுங்கள்.

புது டிப் ஆட ஆட அமுங்கி, காளான் குடைபோல ஓரம் பிதுங்கும். இதைச் சரிசெய்யும்போதுதான் பெரிய சேதம் நடக்கிறது. உப்புத்தாளை வளையத்தோடு சேர்த்துச் சுற்றித் தேய்த்தால் பித்தளையும் தேயும், மரமும் மெலியும். தோல் திரும்ப வாங்கலாம், மெலிந்த மரம் திரும்ப வராது. வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டு, பிதுங்கிய தோலை மட்டும் கூரான பிளேடால் சீவுங்கள்.

ஒட்டும்போது செய்யும் தவறுகள் தனி. பழைய பசையைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஒட்டுவார்கள். வளையத்தின் முகமும் டிப்பின் அடிப்பக்கமும் சமமாக இருக்கின்றனவா என்று இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் எந்தப் பசையும் நிற்காது. பசையை அள்ளி ஊற்றினால் தோலுக்குள் ஊறி டிப் கெட்டியாகிவிடும். ஒரு துளி ஜெல் பசை போதும்.

எல்க் மாஸ்டர் போன்ற ஒற்றைத் தோல் டிப்பில் இன்னொரு சங்கதி உண்டு. ஒரே பெட்டியில் ஒன்று மெத்தென்றும் மற்றொன்று கெட்டியாகவும் இருக்கும். மேசையில் போட்டுச் சத்தம் கேட்டும், விரலால் அழுத்தியும் தேர்ந்தெடுங்கள். காமுய் போன்ற அடுக்குத் தோல் டிப்பின் விலை கூடுதல், ஆனால் இந்த வேறுபாடு குறைவு.

சாக்கை டிப்பின்மேல் வைத்துத் திருகாதீர்கள். சாக்கில் குழி விழுந்து, அதன் விளிம்பு பித்தளையை உரசும். பக்கவாட்டில் இலேசாகத் தடவினால் போதும்.

நம் ஊர் ஈரப்பதம் மரத்துக்கு ஆகாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சுவரில் மாதக்கணக்கில் சாய்த்து வைத்த கியூ வளையக்கூடும்; பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கைவியர்வை படிந்தால் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு ஆடப் போகிறவர்கள் கியூவை வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. அந்தச் சூட்டில் பசை இளகி, டிப் கழன்று வரலாம்.

போட்டிக்கு முதல் நாள் டிப் மாற்றுவது வேண்டவே வேண்டாம். புதுத் தோல் படிந்து வரச் சில நாள் ஆட்டம் வேண்டும். அதுவரை பந்து நீங்கள் நினைத்த இடத்தில் நிற்காது.