தலையில் பலத்த அடிபட்டவர் வீடு திரும்பிய பின் குடும்பத்தை மீண்டும் ஒழுங்குபடுத்தல்

வீதி விபத்திலோ மரத்திலிருந்து விழுந்தோ தலையில் பலத்த அடிபட்டவர் எழுந்து நடந்து, திருகோணமலை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி (வீடு செல்ல அனுமதி பெற்று) வீட்டுக்கும் வந்துவிட்டால், மிச்சமெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றே பல குடும்பங்கள் நம்புகின்றன. ஆனால் கை கால் தேறிய பிறகும் களைப்பு, மறதி, திடீர்க் கோபம் ஆகியவை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் இருப்பது வழமை என்பதால், வேகம் குறைந்ததைக் கண்டு பயிற்சிகளைக் கைவிட வேண்டாம்.

முதலில் கவனிக்க வேண்டியது களைப்பு. காயப்பட்ட மூளைக்கு ஒரு நாளில் கிடைக்கும் தெம்பு சிறிய கைமுதல் போன்றது. குளிப்பதும் பேசுவதும் இயன்மருத்துவப் பயிற்சியும் அதிலிருந்தே செலவாகின்றன. ஆகவே முக்கியமான ஒரு வேலையைக் காலையில் வைத்து, மதியம் ஓய்வுக்கு விட்டு, கண்டிக்கோ கொழும்புக்கோ கிளினிக் போய்வந்தால் மறுநாளை வெறுமையாக விடுங்கள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் அன்போடு பார்க்க வரும் உறவினர்கள், கட்டிலைச் சுற்றி நின்று "என்னைத் தெரியுதா, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்" என்று ஒருவர் மாறி ஒருவர் கேட்பது அவரைப் பெரிதும் வதைக்கும். இருவர் இருவராக, கால் மணி நேரம் மட்டும், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, தம் பெயரைத் தாமே சொல்லிப் பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் மனம் நோகுமே என்று தயங்க வேண்டாம்.

அடுத்ததை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூளையின் முன்பகுதி காயப்பட்டவருக்கு ஒரு வேலையைச் செய்யத் தெரிந்திருந்தும், அதைத் தானாகத் தொடங்க முடியாமல் போகலாம். விடிவதற்கு முன் கடலுக்குப் போன மனிதர் பத்து மணிவரை கட்டில் விளிம்பில் அசையாமல் இருப்பதைக் கண்டு, சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் வீட்டார் கடிந்துகொள்கிறார்கள். அந்தச் சொற்கள் அவருக்குள் ஆழமாகத் தைக்கின்றன. "வெளிக்கிடுங்கோ" என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதிலாக, சாரத்தையும் சட்டையையும் அணியும் வரிசையிலேயே கட்டிலில் வைத்து, "முதல்ல முகத்தைக் கழுவுங்கோ" என்று ஒரு படியை மட்டும் சொல்லி, அது முடிந்த பின் அடுத்ததைச் சொல்லுங்கள். அன்றைய வேலைகளைச் சுவர்க் கலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி, முடிந்ததை அவர் கையாலேயே வெட்டச் செய்யுங்கள்.

கோபம் வெடிக்கும்போது வாதாடாமல் குரலைத் தாழ்த்தி, பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள். அப்பாவின் மூளையில் காயம் இருப்பதால் கோபம் வருகிறது, அதற்குத் தாங்கள் காரணமில்லை என்பதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

தொழிலைப் பொறுத்தவரை, பழைய இடத்தை முழுதாகத் திருப்பித் தர அவசரப்படாமல், அதில் ஒரு துண்டை மட்டும் கொடுங்கள். வலிப்பு வரும் அபாயம் இருக்கும்போது கடலுக்குப் போவதும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் வைத்தியரின் அனுமதி கிடைக்கும்வரை கூடாது, மதுவும் கூடாது. கரையில் வலை பொத்துவதும் மீனுக்கு விலை பேசும்போது கூட இருப்பதும் அவரை அந்தத் தொழிலின் மனிதராகவே வைத்திருக்கும். காணி, நகை, கடன் பற்றிய முடிவுகளை மட்டும் இருவர் சேர்ந்தே எடுப்பது நல்லது. மருத்துவ அறிக்கைகளை ஒரே கோவையில் வைத்து, கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்தித்து உதவிகள் பற்றி விசாரியுங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் வைக்காமல், கையில் இரும்பைத் திணிக்காமல் நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், தலையிடி கூடிக்கொண்டே போனாலும், வாந்தியோடு மயக்கம் வந்தாலும் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பெரும்பாலும் மனைவியோ தாயோதான் இவ்வளவையும் சுமக்கிறார், அவரும் நித்திரையின்றி நோயாளியாகிவிடுகிறார். "என்ன உதவி வேணும்" என்று கேட்கும் மச்சாளிடம் பழங்கள் வேண்டாம் என்று சொல்லி, வாரத்தில் ஒரு மதியம் வந்து காயப்பட்டவரோடு இருக்கும்படி கேளுங்கள். அந்த நேரத்தில் கோயிலுக்குப் போவதா, படுத்து உறங்குவதா என்பதைப் பராமரிப்பவரே தீர்மானிக்கட்டும்.