பழைய குவார்ட்ஸ் டியூனர் வாங்கும் முன்

பழைய எஃப்எம் டியூனரின் (வானொலி நிலையத்தைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பெட்டி) முகப்பில் 'குவார்ட்ஸ்' என்ற சொல் இருந்தால் போதும், விலை ஏறிவிடுகிறது. வாங்குகிறவர்களும் அதை ஒலித்தரத்துக்கான முத்திரையாக நினைத்துக்கொள்கிறார்கள். முதல் தவறு அதுதான். நிலையத்தின் அலைவரிசையை விட்டு டியூனர் நகர்ந்துவிடாமல் பிடித்துவைப்பது மட்டுமே குவார்ட்ஸ் கிரிஸ்டலின் வேலை. காதில் விழும் ஒலியைத் தீர்மானிப்பவை பக்கத்து நிலையங்களை வடிகட்டும் 10.7 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர், அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டிடெக்டர், இடது வலது ஒலிகளைப் பிரிக்கும் ஸ்டீரியோ டிகோடர் ஆகியவை. அவை சுமாராக இருந்தால் எந்தக் கிரிஸ்டலும் காப்பாற்றாது. கிரிஸ்டலே இல்லாத, குமிழ் திருகும் டியூனர் அருமையாகப் பாடுவதும் உண்டு.

அதைவிடப் பெரிய தொல்லை, எந்த நாட்டுக்காகச் செய்தது என்று பார்க்காமல் வாங்குவது. அமெரிக்காவுக்காகச் செய்த டிஜிட்டல் டியூனர்கள் பலவும் 0.2 மெகாஹெர்ட்ஸ் படிகளில்தான் தாவும்: 98.1, 98.3, 98.5 என்று. சென்னையில் அதை வைத்தால் 98.3 மிர்ச்சி சுத்தமாக வரும். ஆனால் 101.4 ரெயின்போவும் 106.4 ஹலோ எஃப்எம்மும் இரண்டு படிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும், ஒலி கரகரக்கும். டியூனர் கெட்டுப்போனது என்று நினைத்து மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பின்புறத்தில் படி மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல மாடல்களில் டிஎம்ஃபசிஸும் (நிலையம் கூட்டி அனுப்பும் மேல்சுருதியைத் திரும்பக் குறைக்கும் அமைப்பு) அதோடு சேர்ந்தே மாறும். அமெரிக்காவில் அது 75 மைக்ரோசெகண்ட், நமக்கு 50. அப்படியே விட்டால் மேல்சுருதி 3 டெசிபலுக்கு மேல் குறைந்து, பாட்டு மங்கலாகக் கேட்கும்.

ஜப்பான் சரக்கு இன்னும் மோசம். அங்கே வெகுகாலம் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அழகான பெட்டி, மலிவான விலை என்று வாங்கினால், 91.1-இல் தொடங்கும் நம் தனியார் நிலையங்களில் ஒன்றுகூட வராது. மின்சாரமும் அங்கே 100 வோல்ட். நேராக 230-இல் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போச்சு.

சரி, புதிய டியூனர்கள்? ஒரே சிப்பில் எல்லாம் அடக்கம் என்பதாலேயே மட்டமாக நினைக்கிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் செயலாக்க) சிப் ஃபில்டரைக் கணக்காகவே போட்டுவிடுவதால், நெருக்கமான இரண்டு நிலையங்களைப் பிரிப்பதில் நடுத்தரமான பழைய டியூனரை எளிதாக மிஞ்சும். மொட்டை மாடி ஆன்டெனாவைப் பழையதற்கும் இயர்போன் வயரைப் புதியதற்கும் கொடுத்துவிட்டு ஒப்பிடுவது நியாயமே இல்லை. கைக்கு முக்கால் மீட்டர் வீதம் இரண்டு கம்பிக் கைகள் கொண்ட டைபோல் ஆன்டெனா ஒன்று செய்து இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பழைய பெட்டியைத் திறந்ததும் காயில்களின் நடுவே தெரியும் ஃபெரைட் திருகுகளைத் திருகிப் பார்க்கும் கை அரிப்பு. அளவுக் கருவி இல்லாமல் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம். ஸ்க்ரூடிரைவர் பட்டு உடைந்தும்போகும். இரைச்சல் இருந்தால், உலர்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களை முதலில் பாருங்கள். சேமித்த நிலையங்கள் மறந்துபோகிறதென்றால் பெரும்பாலும் மெமரியைத் தாங்கும் பேட்டரியோ கெபாசிட்டரோதான் காரணம்.