குழந்தைகளோடு இளவேனில் கவிதை: எங்கே சறுக்குகிறோம்?

"வசந்தத்தைப் பற்றி நாலு வரி எழுது" என்றால் பல பிள்ளைகள் ரோஜா, தென்றல், வண்ணத்துப்பூச்சி என்று எழுதித் தருவார்கள். பனி உருகியது என்றுகூடச் சிலர் எழுதுவார்கள். எல்லாம் பாடப்புத்தகத்தில் படித்தது. தாளையும் பென்சிலையும் முதலில் கையில் கொடுத்தால் அப்படித்தான் வரும்.

தமிழ்நாட்டில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். வெயில் கொளுத்தும். அந்த வெயிலில்தான் சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்கும், வேம்பு பூத்து உதிரும். வியர்வையும் நுங்கும் கவிதைக்குள் வரட்டும். எழுதும் முன் காலை வெயில் ஏறுவதற்குள் பிள்ளையைத் தெருவுக்கு அழைத்துப் போங்கள்.

அடுத்த தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. புங்க மரத்தடியில் பூ உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து ஒரு குழந்தை, "ரோட்டுல பொரி கொட்டிக் கிடக்கு" என்கிறது. உடனே பெரியவர் "வெண்மலர்கள் வீழ்ந்தன என்று எழுது" என்கிறார். போயே போச்சு! சங்கப் புலவர்களும் அந்த மரத்தைப் "பொரிப்பூம் புன்கு" என்றே பாடினார்கள். குழந்தையின் கண் அத்தனை சரியாகப் பார்த்திருக்கிறது. பேச்சுத் தமிழில் வந்த வரியை அப்படியே விடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

அழகு, இனிமை, மகிழ்ச்சி போன்ற சொற்களை எடுத்துக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் கேள்வி கேளுங்கள். வேப்பம்பூவை முகர்ந்தால் எப்படி இருக்கிறது? நாக்கில் வைத்தால்? வாசம் தேன்போல, ருசி கசப்பு. சித்திரை முதல் நாள் பச்சடியில் அதோடு வெல்லமும் மாங்காயும் சேர்கின்றன. "மூக்குக்கு இனிப்பு, நாக்குக்குக் கசப்பு" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் பாதிக் கவிதை தயார்.

வரிக்கு வரி கடைசியில் ஒரே ஓசை வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் பொருள் கெடும். தமிழில் மோனையும் எதுகையும் இருக்கின்றனவே. சொற்களின் தொடக்கத்திலேயே ஓசை கிடைக்கும்.

கொன்றை பூத்தது
நின்று பார்த்தது அணில்

கொன்றை, நின்று இரண்டிலும் இரண்டாம் எழுத்து "ன்". இலக்கணப் பெயரெல்லாம் அப்புறம். கைதட்டிச் சொல்லிப் பார்த்தால் காதே கண்டுபிடிக்கும். மூன்று வரி போதும், ஹைக்கூ என்று விரல்விட்டு அசை எண்ண வேண்டாம்.

குயிலைப் பற்றி எழுதினால் கொஞ்சம் கவனம். "கூ... கூ" என்று கூவுவது கறுப்பு நிற ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதன் குரல் "கிக் கிக்" என்று வெடுக்கென்று வரும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் மரத்தை அண்ணாந்து தேட ஆரம்பிப்பார்கள். தேடட்டும், கவிதை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்.