கிளிக்கு எச்சமிடும் இடத்தைப் பழக்குதல்

தோளில் வந்து அமர்ந்த கிளி சட்டையை நனைத்துவிட்டதென்று அதைக் கடிந்துகொள்வதற்கு முன், அதன் உடலமைப்பைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது. கிளிகளுக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. குடற்கழிவும், சிறுநீரகத்திலிருந்து வரும் வெண்ணிற யூரிக் அமிலமும், நீரும் கழிவாய் என்னும் ஒரே துளை வழியாகச் சேர்ந்து வெளியேறுகின்றன. ஆகவே காக்டீல் போன்ற சிறிய கிளி, விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை எச்சமிடுவது இயல்பு. பெரிய இனங்களில் இடைவெளி கூடும். நாம் கற்பிக்கப்போவது அடக்கிவைப்பதை அன்று, இடத்தை மட்டுமே.

இங்கு நான் சொல்வன காக்டீல், பட்ஜி போன்ற அயல்நாட்டு இனங்களுக்கு உரியவை. நம் தோப்புகளில் பறக்கும் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் குற்றமாகும்.

பயிற்சி முதலில் வளர்ப்பவருக்குத்தான். மூன்று நான்கு நாள்கள் கிளியை வெறுமனே கவனித்து, அது எச்சமிடும் நேரங்களைக் குறித்து வாருங்கள். எச்சமிடுவதற்குச் சில நொடிகள் முன்பு பெரும்பாலான கிளிகள் ஓரடி பின்வாங்கி, உடலைத் தாழ்த்தி, வாலைச் சிறிது உயர்த்தும். சில கிளிகள் இறகுகளைச் சிலிர்த்துக்கொள்ளும். இந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடங்குவதற்கு உகந்த வேளை விடியற்காலை. இரவு முழுவதும் சேர்ந்த எச்சத்தைக் கிளி விழித்தவுடன் ஒரே தடவையில் பெரிதாக வெளியேற்றும் என்பதால், அந்நேரத்தில் ஏமாற்றம் அரிது. கூண்டுக்கு வெளியே ஒரு தாங்கிக் குச்சியை நிறுத்தி, அதன் கீழே செய்தித்தாளை விரித்துவையுங்கள். கூண்டைத் திறந்ததும் கிளியை விரலில் ஏற்றி நேரே அந்தக் குச்சிக்குக் கொண்டுசென்று, குழந்தையைக் காலில் அமர்த்தி நம் பாட்டிமார் "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்புவார்களே, அதைப்போல மாறாத ஓர் ஒலியையோ சொல்லையோ மென்மையாகச் சொல்லிக் காத்திருங்கள். வீட்டில் அன்றாடம் புழங்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் கிளி குழம்பிவிடும். எச்சமிட்ட அந்தக் கணமே பாராட்டி, தினைக் கதிரிலிருந்து ஒரு சிறு துணுக்கைக் கொடுங்கள். சிறிது தாமதித்தாலும் பரிசு எதற்கென்று அதற்கு விளங்காது.

பிறகு, கிளி வெளியே இருக்கும் நேரமெல்லாம், நீங்கள் குறித்துவைத்த இடைவெளி முடிவதற்குச் சற்று முன்னதாகவே அதைக் குச்சிக்குக் கொண்டுசெல்லுங்கள். ஓரிரு நிமிடங்களில் எதுவும் நிகழாவிட்டால் வற்புறுத்தாமல் எடுத்துக்கொள்ளலாம். தரையிலோ உடையிலோ எச்சமிட்டுவிட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். அதட்டினால் நம்மைக் கண்டு அஞ்சுவதைத்தான் அது கற்றுக்கொள்ளும். உரக்கச் சிரித்தாலோ அதையே பாராட்டாக எடுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் பொறுமை தேவைப்படும்; பட்ஜிகளிடம் முழு வெற்றியை எதிர்பார்க்க வேண்டாம்.

நான் மிகவும் அஞ்சுவது ஒன்றுண்டு. சொல் கேட்டால்தான் எச்சமிடலாம் என்று கிளி பழகிப்போனால், வளர்ப்பவர் வெளியூர் சென்ற நாளில் அது மணிக்கணக்கில் அடக்கிவைத்துக்கொள்ளக்கூடும்; அதனால் கழிவாய் பிதுங்கி வெளிவரும் ஆபத்தும் உண்டு. ஆகவே கூண்டுக்குள் அது விருப்பம்போல் எச்சமிடட்டும். அங்கே சொல்லும் வேண்டாம், பரிசும் வேண்டாம்.

செய்தித்தாளை நாள்தோறும் மாற்றும்போது எச்சத்தின் நிறத்தையும் நீர்மையையும் பாருங்கள். வழக்கத்துக்கு மாறான நிறமோ குருதியோ தென்பட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ந்த எச்சத்தின் தூசி வழியாகக் கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் பரவக்கூடும் என்பதால், அதைச் சுரண்டாமல் நீர் தெளித்து ஊறவைத்தே துடையுங்கள்.