மைக்ரோ ஆர்.என்.ஏ. எங்கே ஒட்டும்? தாளில் எழுதிக் கண்டுபிடிப்போம்

ஒரு மரபணுவை அடக்கிவைக்க ஏறத்தாழ 22 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. துண்டு போதும்; அதுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் நான்கு: ஏ, யு, ஜி, சி.) அது தன் இலக்கை எப்படி அடையாளம் காண்கிறது என்பதைத் தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

பின்னணி சுருக்கமாக: உட்கருவில் உருவாகும் நீண்ட ஆர்.என்.ஏ. கொண்டை ஊசி போல மடங்குகிறது. அதை ட்ரோஷா என்ற நொதி நறுக்க, உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்துக்கு வந்த பிறகு டைசர் என்ற இன்னொரு நொதி மறுபடி வெட்டுகிறது. மிஞ்சும் இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் ஆர்கோநாட் புரதம் பிடித்துக்கொள்கிறது; அதுவே மைக்ரோ ஆர்.என்.ஏ.

படி 1: லெட்-7 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை எழுதுங்கள். புழுவிலும் மனிதரிலும் இதே வரிசைதான். எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை.
யு ஜி ஏ ஜி ஜி யு ஏ ஜி யு ஏ ஜி ஜி யு யு ஜி யு ஏ யு ஏ ஜி யு யு

படி 2: இரண்டாம் எழுத்திலிருந்து எட்டாம் எழுத்து வரை வட்டமிடுங்கள்: ஜி ஏ ஜி ஜி யு ஏ ஜி. இதுதான் விதைப்பகுதி. இலக்கைத் தேர்வதில் பெரும்பங்கு இந்த ஏழு எழுத்துகளுக்கே.

படி 3: அதைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதி, ஒவ்வொன்றுக்கும் இணையைப் போடுங்கள். ஏ-வுக்கு யு, ஜி-க்கு சி. கிடைப்பது: சி யு ஏ சி சி யு சி. திருப்புவதை மறந்துவிடாதீர்கள்; இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில்தான் இணைகின்றன.

படி 4: மரபணுவின் செய்தியைப் புரதம் தயாரிக்கக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏ.வில், புரதத்துக்கான பகுதி முடிந்தபின் வரும் வால்பகுதியில் இந்த வரிசையைத் தேடுங்கள். அகப்பட்டால் அது இலக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உறுதி செய்ய ஆய்வகச் சோதனை தேவை.

ஒட்டியதும் புரத உற்பத்தி தடைபடுகிறது, தூது ஆர்.என்.ஏ.வின் கடைசி முனையில் உள்ள ஏ-எழுத்துத் தொடர் குறுகி, அது சிதைகிறது. பெரும்பாலும் புரதம் அடியோடு நின்றுவிடாது, அளவு குறையும். ஒட்டும் இடங்கள் பல இருந்தால் அடக்கம் வலுக்கும்.

எச்.எம்.ஜி.ஏ.2 மரபணுவின் வால்பகுதியில் லெட்-7 ஒட்டும் இடங்கள் 7 உள்ளன. சில கட்டிகளில் குரோமோசோம் உடைந்து அந்த வால் கழன்றுபோகிறது. பிறகு லெட்-7 இருந்தும் பிடிக்க இடமில்லை. புரதம் கட்டுப்பாடின்றிப் பெருகி, கட்டி வளரத் துணைபோகிறது.